போட்டோவில் தெரியாத இடங்கள்: பழைய கிட்டார் வாங்கும் முன் போலியைக் கண்டுபிடிப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள் அனுப்பினான். அடுத்த நிமிடமே போன்.

"மாமா, மார்ட்டின் டி-28. நாப்பத்தஞ்சாயிரம்தான் சொல்றாங்க. இன்னைக்கே அஞ்சாயிரம் அட்வான்ஸ் போட்டா வேற யாருக்கும் குடுக்க மாட்டாங்களாம். போட்டுடட்டுமா?"

"ஒரிஜினல்னு எப்படிடா சொல்ற?"

"சீரியல் நம்பர் இருக்கு மாமா. நெட்ல போட்டுப் பாத்தேன், கரெக்டா டி-28ன்னு வருது. அவங்க சித்தப்பா ஃபாரின்ல 1990-ல வாங்கினதாம்."

மார்ட்டின் என்பது பேர்போன அமெரிக்கக் கிட்டார் கம்பெனி, டி-28 அதன் ஒரு மாடல். புது டி-28 ஒன்றின் விலை நம் பணத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். பழையது என்றால் குறையும்தான். ஆனால் மார்ட்டின் கிட்டார் பழைய டிவி மாதிரி விலை விழுகிற பொருள் இல்லை. அவசரமாக விற்பவர்கூட அந்த அளவுக்கு இறங்கி வரமாட்டார். விலையைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் 'இவ்வளவு மலிவாக இருக்காது' என்று சொன்னால் பையன் கேட்பானா? 'அதிர்ஷ்டம்' என்பான். அவனுக்கு உட்கார்ந்து சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். கிட்டார் பற்றி எதுவும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

எது போலி, எது போலி இல்லை

நம் ஊரில் 'டூப்ளிகேட்' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஊரில் பேர்போன பிரியாணிக் கடை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அடுத்த தெருவில் ஒருவர் அதே பக்குவத்தில் பிரியாணி செய்து, தன் சொந்தப் பெயரில் விற்கிறார். இது ஏமாற்று வேலை இல்லை. பேர்போன கடைக்காரரே பக்கத்து ஊரில் குறைந்த விலையில் ஒரு கிளை திறக்கிறார். இதுவும் ஏமாற்று இல்லை. மூன்றாமவர் ஒருவர் பேர்போன கடையின் பெயர்ப் பலகையை அப்படியே எழுதி மாட்டிக்கொண்டு விற்கிறார். இவர்தான் போலி.

கிட்டாரிலும் இந்த மூன்றும் உண்டு. அகலமான இடுப்பும் பெரிய உடலுமாக இருக்கும் 'ட்ரெட்நாட்' என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் அது. 1916-இல் டிட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக மார்ட்டின்தான் அந்த வடிவத்தில் முதலில் கிட்டார் செய்து கொடுத்தது. இன்று அதைச் செய்யாத கிட்டார் கம்பெனி அரிது. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் கிட்டார்களில் கணிசமானவை ட்ரெட்நாட்டுகளே. சொந்தப் பெயர் போட்டிருக்கும்வரை அவை எவையும் போலி இல்லை.

கிளைக் கடைக்கு உதாரணம் எபிஃபோன். 1957-இல் கிப்சன் என்ற பெரிய அமெரிக்கக் கிட்டார் கம்பெனி அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்று எபிஃபோன் கிட்டார்களில் பெரும்பகுதி ஆசியாவில் தயாராகிறது, சீனாவின் சிங்டாவ் நகரிலும் ஆலை இருக்கிறது. மார்ட்டினுக்கு அமெரிக்காவின் நாசரேத் ஊரில் தலைமை ஆலை, மெக்சிகோவின் நவோஹோவாவில் இன்னொன்று. டெய்லர் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனிக்குக் கலிஃபோர்னியாவின் எல் கஹோனில் ஒன்று, மெக்சிகோவின் தெகாத்தேயில் ஒன்று. யமஹாவுக்கு இந்தோனேசியாவில் ஆலை உண்டு. நம் சென்னைக்குப் பக்கத்திலும் 2019-இல் ஒன்றைத் தொடங்கி, எஃப்280 கிட்டாரை இந்தியச் சந்தைக்காகச் செய்கிறது. ஆகவே 'மேட் இன் சைனா' என்று பார்த்ததும் போலி என்று முடிவு கட்டுவது தவறு. எந்த மாடல் எந்த ஊரில் தயாராக வேண்டும் என்பதுதான் கேள்வி. 'மேட் இன் சைனா' என்ற எபிஃபோன் சரியானது. 'மேட் இன் சைனா' என்ற மார்ட்டின் டி-28 சரியானது இல்லை.

சுருக்கமாக: வடிவம் ஒத்திருப்பது போலி ஆகாது. மலிவான நாட்டில் செய்வதும் போலி ஆகாது. உரிமை இல்லாமல் பெயரைப் போட்டு விற்பதுதான் போலி. இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்றாவது ஆளைப் பற்றித்தான்.

போலிக்காரர் எங்கே காசு செலவழிப்பார்?

பட்டுப் புடவை எடுக்கப் போகும்போது வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? முந்தானையைப் பார்த்து வியந்துகொண்டிருக்க மாட்டார்கள். சட்டென்று புடவையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். உடலும் கரையும் சேரும் கோர்வையைத் தடவிப் பார்ப்பார்கள். சரிகையை லேசாகச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். காரணம் எளிது. முன்பக்கத்தைப் பளபளப்பாகக் காட்டுவது யாருக்கும் முடியும், பின்பக்கத்தையும் அப்படிக் கொண்டுவரச் செலவாகும்.

போலிக் கிட்டார் செய்பவரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார். அவர் பொருள் போட்டோவில் விற்க வேண்டும். அதனால் போட்டோவில் விழுகிற இடங்களில் செலவழிப்பார்: லோகோ, பளபளப்பு, ஓரத்து அலங்காரம், கழுத்தில் பதித்த சிப்பி வேலை. உள்ளே கை வைக்கமாட்டார். வெளியே தெரியாத மரத்தைக் குறைப்பார். கழுத்தையும் உட்பக்கச் சட்டங்களையும் எல்லா பிராண்டுக்கும் ஒரே மாதிரி செய்து தள்ளுவார்.

இது எவ்வளவு பெரிய தொழில் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2024 இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகப் பகுதியில் 3,000-க்கும் மேற்பட்ட போலி கிப்சன் கிட்டார்களைப் பிடித்ததாக அறிவித்தது. அசலாக இருந்தால் அவற்றின் மதிப்பு 1.8 கோடி டாலரைத் தாண்டும் என்றார்கள். அவை எலெக்ட்ரிக் கிட்டார்கள். ஆனால் அக்கூஸ்டிக் கிட்டாரிலும், அதாவது மின்சாரம் இல்லாமல் உடலின் மரமே அதிர்ந்து ஒலிக்கும் வகையிலும், இதே வியாபாரம்தான் நடக்கிறது.

எனவே நாம் செய்ய வேண்டியது புடவையைத் திருப்பிப் பார்ப்பது. கிட்டாரின் 'பின்பக்கம்' என்பது அதன் நடுவே இருக்கும் வட்ட ஓட்டைக்குள், சவுண்ட் ஹோலுக்குள் இருக்கிறது.

சீரியல் நம்பர் சொல்வதும் சொல்லாததும்

அக்கா மகன் செய்த தவறு இதுதான், பெரும்பாலோர் செய்வதும் இதுவே. சீரியல் நம்பர் நெட்டில் சரியாக வந்துவிட்டால் கிட்டார் அசல் என்று நினைப்பது.

பழைய பைக் வாங்கும்போது நம்பர் பிளேட்டை மட்டும் பார்த்து வாங்குவீர்களா? எந்தப் பிளேட்டையும் எந்த வண்டியிலும் மாட்டலாம். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பீர்கள். அதிலுள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் பொறித்த நம்பரும் ஒன்றா என்று குனிந்து பார்ப்பீர்கள். சிவப்பு வண்டி என்று புத்தகத்தில் இருந்து, எதிரே கறுப்பு வண்டி நின்றால் கேள்வி கேட்பீர்கள்.

கிட்டாரின் சீரியல் நம்பரும் ஒரு நம்பர் பிளேட்தான். அசல் கிட்டார் ஒன்றின் நம்பரைப் போட்டோவிலிருந்து எடுத்து ஆயிரம் போலிகளில் அச்சடிக்கலாம். நெட்டில் தேடினால் ஆயிரமும் 'கரெக்டா' வரும். அதற்காக நம்பர் பயனற்றது இல்லை. 'நம்பர் இருக்கிறதா' என்று கேட்காமல், 'நம்பர் சொல்லும் கதையும் மற்றவை சொல்லும் கதையும் ஒத்துப்போகின்றனவா' என்று கேட்கவேண்டும்.

மார்ட்டினில் இது மிக எளிது. 1898 முதல் அவர்கள் வரிசையாக எண் போட்டுக்கொண்டே வருகிறார்கள். 1990-இல் சுமார் ஐந்து லட்சத்தில் நின்றிருந்தது. பத்து லட்சமாவது கிட்டார் 2004-இல் வந்தது, இருபது லட்சமாவது 2017-இல். பையன் அனுப்பிய எண் பதினேழு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்தச் சித்தப்பா 1990-இல் வாங்கிய கிட்டாருக்கு 2004-க்கும் பின்னால் வந்த எண் எப்படி வந்தது? எண் உண்மை என்றால் சித்தப்பா பொய், சித்தப்பா உண்மை என்றால் எண் பொய்.

டெய்லர் இன்னும் வெளிப்படையாகப் பேசும். 2009 நவம்பர் முதல் அவர்கள் எண்ணில் 10 இலக்கங்கள். முதல் இலக்கம் ஆலை: 1 என்றால் எல் கஹோன், 2 என்றால் தெகாத்தே. இரண்டாவதும் ஏழாவதும் சேர்ந்து ஆண்டு. மூன்று, நான்கு மாதம். ஐந்து, ஆறு தேதி. கடைசி மூன்றும் அன்றைய வரிசை. உதாரணத்துக்கு 1108154023 என்று ஒரு எண் இருந்தால், எல் கஹோனில் 2014 ஆகஸ்ட் 15 அன்று வரிசையில் 23-ஆவது என்று படிக்கலாம். மாதம் இருக்கும் இடத்தில் 17 என்று வந்தால்? சிரித்துவிட்டுக் கிளம்பலாம்.

கிப்சன் 1977 முதல் நீண்ட காலம் பின்பற்றிய 8 இலக்க முறையில் முதலும் ஐந்தாவதும் ஆண்டு, நடுவே இரண்டு முதல் நான்கு வரை அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 01498025 என்றால் 2008-இன் 149-ஆவது நாள், அதாவது மே 28. அந்த மூன்று இலக்கம் 412 என்று இருந்தால் அப்படி ஒரு நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது.

மாடல் பெயரும் ஒரு சாட்சி. டெய்லர் 814 சி.இ. என்பதில் 8 என்ற தொடருக்கு முதுகும் பக்கங்களும் ரோஸ்வுட் என்ற கருமையான மரம். 1 என்றால் ஆறு தந்தி. 4 என்பது கிராண்ட் ஆடிட்டோரியம் என்ற உடல் அளவு. 'சி' என்றால் மேல் ஃப்ரெட்டுகளுக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு, கை எட்டுவதற்காகத் தோள்பட்டையில் ஒரு பக்கம் வெட்டியிருப்பது. 'இ' என்றால் உள்ளே பிக்கப், அதாவது ஆம்ப்ளிஃபையரில் இணைக்க ஒலியை மின்சாரமாக மாற்றும் கருவி, இருப்பது. உள்ளே 814 சி.இ. என்று லேபிள் ஒட்டியிருக்கிறது, ஆனால் தோள் வெட்டவில்லை, முதுகு வெளிர் நிறத்தில் இருக்கிறது என்றால் லேபிளை எழுதியவருக்கே அதன் அர்த்தம் தெரியாது என்று பொருள். அதே போல மார்ட்டின் டி-28-இல் ரோஸ்வுட், டி-18-இல் மஹோகனி. கிப்சன் ஜே-45 சரிந்த தோள் உடையது, ஹம்மிங்பேர்ட் சதுரத் தோள் உடையது. போலிகளில் இவை தாறுமாறாகக் கலந்து வரும்.

இதுவரை: சீரியல் நம்பர் தனியாக எதையும் நிரூபிக்காது. நம்பர், மாடல், மரம், வடிவம், விற்பவர் சொல்லும் கதை எல்லாம் ஒரே திசையைக் காட்டவேண்டும். ஒன்று முரண்பட்டாலும் நின்று கேளுங்கள்.

கழுத்துக்குள் ஒரு கம்பி

எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. திருகாணி எதையும் கழற்ற வேண்டியதில்லை, போட்டோவிலேயே பல சமயம் முடிந்துவிடும்.

ஸ்டீல் தந்திகள் ஆறையும் சுருதிக்கு முறுக்கினால், 'லைட்' என்று விற்கும் வழக்கமான செட்டிலேயே மொத்த இழுவிசை 70 கிலோவுக்கு மேல் வரும். ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் கழுத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பது போல. மரம் சும்மா இருக்குமா? மெல்ல முன்பக்கமாக வில் போல வளையும். தந்தி மேலே எழும், அழுத்தினால் விரல் நோகும். இதைத் தடுக்கக் கழுத்துக்குள்ளே ஒரு உலோகக் கம்பி வைத்திருப்பார்கள். அதற்கு 'டிரஸ் ராட்' என்று பெயர். ஒரு முனையில் இருக்கும் நட்டைத் திருகினால் கம்பி இறுகி, கழுத்தை எதிர்ப்பக்கம் இழுத்து நேராக்கும். கட்டிலில் நைலான் நாடா தொய்ந்தால் இழுத்துக் கட்டுகிறோமே, அந்த மாதிரி.

சரி, அந்த நட்டு எந்த முனையில் இருக்கிறது? இங்கேதான் போலிக்காரர் மாட்டிக்கொள்கிறார்.

கிப்சனிலும் டெய்லரிலும் அது கிட்டாரின் தலையில், தந்திகள் கழுத்துக்கு இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே, சின்னதாக ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். மார்ட்டின் அக்கூஸ்டிக்கில் அப்படி இல்லை. 1985-இல் அவர்கள் திருகக்கூடிய டிரஸ் ராடைக் கொண்டுவந்தபோது அதன் நட்டைச் சவுண்ட் ஹோலுக்குள் வைத்தார்கள், நீளமான ஆலன் கீயை, அதாவது ஆறுமுகக் கம்பிச் சாவியை, உள்ளே விட்டுத்தான் திருப்பமுடியும். அதற்கு முந்தைய மார்ட்டின்களில் திருகும் வேலையே கிடையாது. ஆக, எந்த ஆண்டு டி-28 ஆனாலும் தலையில் மூடி இருக்கக்கூடாது.

போலி செய்யும் பட்டறையோ ஒரே வகைக் கழுத்தை மொத்தமாகச் செய்து வைத்திருக்கும். அதில் நட்டு தலைப்பக்கம். அதன் மேல் மூடி. அன்று கிப்சன் லோகோ ஒட்டினால் கிப்சன், மார்ட்டின் லோகோ ஒட்டினால் மார்ட்டின். லோகோவை மாற்றுவது சில ரூபாய் செலவு, கழுத்தின் அமைப்பை மாற்றினால் தயாரிப்பையே மாற்றவேண்டும். அதனால்தான் தலையில் மூடியோடு இத்தனை 'மார்ட்டின்கள்' உலகம் முழுக்கச் சுற்றுகின்றன.

பையன் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்க நிற லோகோ அழகாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே கறுப்பாக, மணி வடிவத்தில், ஒரு மூடி. மூன்று ஸ்க்ரூ.

அந்த மூன்று ஸ்க்ரூவுக்கும் ஒரு கதை இருக்கிறது. கிப்சன் ஜே-45, ஹம்மிங்பேர்ட் போன்ற வழக்கமான மாடல்களில் அந்த மணி வடிவ மூடியை இரண்டே ஸ்க்ரூ பிடித்திருக்கும், உள்ளே இருப்பது வெளியிலிருந்து ஸ்பானர் போட்டுத் திருகும் ஆறுமுகப் பித்தளை நட்டு. போலிகளில் பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூ, உள்ளே ஆலன் கீ நுழைக்கும் குழி. அதாவது பையன் பார்த்தது போலி கிப்சனின் மூடியை மாட்டிய போலி மார்ட்டின்.

மைசூர்பாகா, பரோட்டாவா?

அடுத்தது மரம். கொஞ்சம் பொறுமை வேண்டும், நேரில் பார்க்கவும் வேண்டும்.

கிட்டாரின் முன்பலகைதான் ஒலியின் பெரும்பகுதியை உண்டாக்குகிறது. தந்தியின் அதிர்வு, தந்திகளை உடலில் பிடித்திருக்கும் 'பிரிட்ஜ்' என்ற கட்டை வழியாக அந்தப் பலகைக்குப் போய், பலகை பெரிய தோல் வாத்தியம் போலக் காற்றை அசைக்கிறது. விலை உயர்ந்த கிட்டாரில் இது ஒரே மரத்தை மெல்லியதாக அறுத்த பலகை. இதை 'சாலிட் டாப்' என்பார்கள். மலிவான கிட்டாரில் மெல்லிய ஏடுகளை ஒட்டிய ப்ளைவுட், அதாவது 'லேமினேட்'. மேல் ஏடு மட்டும் அழகான ஸ்ப்ரூஸ் மரமாக இருக்கும். முன்னால் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

விளிம்பில் தெரியும். மைசூர்பாகைத் துண்டு போட்டால் மேலே தெரியும் துளைகள் பக்கவாட்டிலும் தொடரும். பரோட்டாவைப் பிய்த்தால் அடுக்கடுக்காக வரும். சவுண்ட் ஹோலின் வெட்டு விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பலகையில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் விளிம்பில் மடங்கி, கனம் முழுவதும் அப்படியே கீழே இறங்கினால் ஒற்றைப் பலகை. நடுவில் வேறு நிறத்தில் ஒரு அடுக்கு, வேறு திசையில் கோடு என்றால் பரோட்டா. சிலர் இந்த விளிம்பில் கறுப்புப் பெயிண்ட் பூசி மறைத்திருப்பார்கள். அப்போது உள்பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

டி-28-இன் முதுகைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1969 இறுதி வரை அதற்குப் பிரேசில் ரோஸ்வுட் போட்டார்கள். அதன் பிறகு வழக்கமான டி-28-களுக்கு வந்தது இந்திய ரோஸ்வுட். வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். வீட்டில் பழைய ஈட்டிக் கட்டிலோ பீரோவோ இருந்தால் உங்கள் கண்ணுக்கு ஏற்கனவே பயிற்சி ஆகிவிட்டது. கரும்பழுப்பில் லேசான ஊதா ஓடும், கறுப்புக் கோடுகள் இருக்கும், ஊசி குத்தியது போலச் சின்னத் துளைகள் இருக்கும். போலிகளில் ஏதோ வெளிர் மரத்துக்குச் சாயம் ஏற்றியிருப்பார்கள், அல்லது வெளியே மட்டும் ஒரு ஏடு ஒட்டியிருப்பார்கள். கண்டுபிடிக்க வழி: முதுகின் வெளியே கண்ணில் படும்படியான ஒரு கோட்டையோ கணுவையோ குறித்துக்கொள்ளுங்கள். சவுண்ட் ஹோல் வழியாக உள்ளே அதே இடத்தைப் பாருங்கள். ஒற்றைப் பலகை என்றால் அது உள்ளேயும் தெரியவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. லேமினேட் என்பதாலேயே போலி என்று சொல்லிவிடாதீர்கள். டெய்லரின் 100 தொடரில் முதுகும் பக்கங்களும் ஏடுகள் ஒட்டியவை, கம்பெனியே அதை மறைப்பதில்லை. 'சாலிட்' என்று கம்பெனி சொல்லும் மாடலில் பரோட்டா தெரிந்தால் மட்டுமே அது சாட்சி.

உள்ளே பார்க்க என்ன வேண்டும் என்று கேட்டால், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் போதும். செல்போன் கேமராவைத் தந்திகளுக்கு நடுவே வைத்து எடுத்தாலும் வரும். மார்ட்டினில் கழுத்து உடலோடு சேரும் இடத்தில், உள்ளே ஒரு மரக்கட்டை இருக்கும். 'நெக் பிளாக்' என்பது அதுதான். மாடலும் சீரியல் நம்பரும் அந்தக் கட்டையிலேயே பொறித்திருக்கும். அங்கே வெறும் கட்டை இருந்து, முதுகில் மட்டும் ஒரு காகித லேபிள் டி-28 என்று சொன்னால் நம்பாதீர்கள். முன்பலகையின் அடியில் 'பிரேசிங்' என்ற தாங்கு சட்டங்கள் ஓடும். அவற்றின் ஓரத்தில் ஃபெவிகால் வழிந்தது போல உறைந்த பசை, சீவாத சொரசொரப்பு எல்லாம் தெரிந்தால், மூன்று லட்ச ரூபாய் கிட்டாரின் உட்புறம் அப்படி இருக்காது.

மற்றவை, வேகமாக

லோகோவில் எழுத்து தடிமன், இடைவெளி, தலையின் மேல் விளிம்பின் வளைவு இவற்றைக் கம்பெனி இணையதளப் படத்தோடு ஒப்பிடலாம். ஆனால் போலிக்காரர் மிகவும் மெனக்கெடும் இடம் இதுதான். லோகோ தப்பாக இருந்தால் போலி, சரியாக இருந்தால் ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ட்டின் டி-45 மாதிரி ஆடம்பர மாடல்களைப் போலி செய்பவர்களுக்கு ஒரு மோகம் உண்டு, போட்டோவில் மின்னும் அல்லவா. அசலில் உடலின் ஓரம் முழுக்க அபலோன் என்ற சிப்பி ஓட்டைப் பதித்திருப்பார்கள். மயில்கழுத்துப் பட்டு திருப்பத் திருப்ப நிறம் மாறுமே, அப்படி ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகப் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று மாறும். பிளாஸ்டிக்கில் ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வரும்.

டெய்லர் 814 சி.இ.யில் 2003 முதல் நீண்ட காலம் பக்கவாட்டில் சின்னதாக மூன்று குமிழ்கள் மட்டுமே வந்தன. அந்த ஆண்டுகளின் எண்ணோடு வரும் கிட்டாரில் சதுரமாக வெட்டி, ஸ்லைடர்களும் டியூனர் திரையும் உள்ள பிளாஸ்டிக் பெட்டியைச் செருகியிருந்தால் அது வேறு எங்கோ பிறந்த கிட்டார்.

'சத்தம் பிரமாதமா இருக்கு' என்பதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். புதுத் தந்தி போட்டால் பத்தாயிரம் ரூபாய் கிட்டாரும் கடையில் நன்றாகத்தான் ஒலிக்கும்.

மலிவுக் கிட்டாரிலும் உண்டு

மேலே சொன்னதெல்லாம் லட்சக்கணக்கில் விலை போகும் பொருள். கற்றுக்கொள்ளத் தொடங்குபவர் நம் ஊரில் பெரும்பாலும் தேடுவது யமஹா எஃப்310. அதுவே போலியாக வருகிறது. பத்தாயிரத்தை ஒட்டிய கிட்டாரை யார் போலி செய்வார்கள் என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கில் விற்கும் பொருள்தான் போலிக்காரருக்கு வசதி. டி-28 என்றால் வாங்குபவர் நாலு பேரிடம் விசாரிப்பார். எஃப்310 என்றால் அப்பா கடைக்குப் போய், பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

இங்கே மைசூர்பாகு சோதனை உதவாது, அசல் எஃப்310-இன் முன்பலகையே லேமினேட்தான். டிரஸ் ராட் நட்டைப் பாருங்கள், அசலில் அது சவுண்ட் ஹோல் பக்கம் இருக்கும். உள்ளே லேபிளின் அச்சு மங்கலாகவோ கோணலாகவோ இருக்கக்கூடாது. ஃப்ரெட்டுகளின் ஓரம் விரலைக் கீறக்கூடாது. பழையது என்றால் பில் கேளுங்கள். பில் இல்லை என்றால், யமஹா என்ற பெயரை மறந்துவிட்டு, பெயரில்லாத கிட்டாராக இருந்தால் இதற்கு என்ன கொடுப்பேன் என்று யோசித்து விலை பேசுங்கள். உண்மையில் போலியிலும் கற்றுக்கொள்ள முடியும். தப்பு கிட்டாரில் இல்லை, அதற்குக் கொடுத்த விலையில்.

பணம் கொடுக்கும் முன்

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள். தலையின் முன்பக்கம் கிட்டத்தில், சவுண்ட் ஹோல் விளிம்பு டார்ச் வெளிச்சத்தில், உள்ளே நெக் பிளாக் அல்லது லேபிள். கூடவே ஒரு காகிதத்தில் அன்றைய தேதியை எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், அசல் கிட்டாரின் படத்தை நெட்டில் சுட்டு அனுப்பினால் தெரிந்துவிடும். அசல் வைத்திருப்பவர் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். சொல்லப்போனால் சந்தோஷமாகக் கேட்டதற்கு மேல் நாலு படம் அனுப்புவார். கிட்டார்க்காரர்கள் அப்படித்தான்.

மார்ட்டின், டெய்லர் இணையதளங்களில் சீரியல் நம்பரைப் போட்டு ஆண்டையும் மாடலையும் பார்க்கலாம். பெரிய தொகை என்றால் படங்களோடு கம்பெனிக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது நல்லது. பதில் வரும்வரை அட்வான்ஸ் வேண்டாம். உள்ளூரில் கிட்டார் ரிப்பேர் செய்பவர் யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். நான் இங்கே எழுதியதை அவர் கை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும்.

போலியை வாங்கி ஏமாந்துவிட்டால், அதே கதையைச் சொல்லி இன்னொருவர் தலையில் கட்டலாமா என்று தோன்றும். அது குற்றம். போலி வர்த்தகக் குறியோடு பொருள் விற்பவருக்கு 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தின் 104-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அக்கா மகன் அட்வான்ஸ் போடவில்லை. "உள்ள ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா" என்று மட்டும் விற்பவருக்கு எழுதினான். இரண்டு நீல டிக் வந்தது, படம் வரவில்லை. பத்து நாள் கழித்து அதே கிட்டார் வேறொரு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்திருந்தது. விலை முப்பத்தெட்டாயிரம். இந்த முறை தலையின் படத்தை லோகோவுக்குக் கீழே சரியாக வெட்டியிருந்தார்கள்.